பொது நெட்வொர்க்: கேபிள் யாருடையது, கணக்கு யாருடையது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். இன்டர்நெட்டைப் பற்றிப் பேச இவர் யார் என்று சிலர் நினைக்கலாம். நான் பி.காம். படித்தவன், வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓசூர் தொழிற்சாலைகளிலும் பெங்களூர் ஐ.டி. கம்பெனிகளிலும் வேலை பார்க்கிற இன்ஜினியர்கள் இந்தக் கூடத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரூட்டர், சுவிட்ச் பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் பேசப்போவது கணக்கைப் பற்றி. பல பேர் சேர்ந்து ஒரு நெட்வொர்க்கை வைத்துக்கொண்டால் அது யார் சொத்து, மாதச் செலவு யாருடையது, யார் யார் உள்ளே வரலாம் என்ற மூன்று கேள்விகள்தான் என் விஷயம்.

இது ஏன் இப்போது என்றால், வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது. நம் வளாகம் முழுவதும் புதிதாக ஃபைபர் கேபிள் இலவசமாகப் போட்டுத் தருவதாக ஒரு கம்பெனி எழுதியிருக்கிறது. சங்க அலுவலகத்துக்கும் கேமராக்களுக்கும் இணைப்பு இலவசம். பதிலுக்கு அவர்கள் கேட்பது, ஐந்து வருஷத்துக்கு வேறு எந்தக் கம்பெனியையும் உள்ளே விடக்கூடாது. இன்னொரு யோசனை, நாமே குழாய் பதித்து அதைச் சங்கத்தின் சொத்தாக வைத்துக்கொள்வது. முதலாவதில் இன்று செலவு இல்லை. இரண்டாவதில் இன்றைக்கே கார்பஸ் ஃபண்டில் கை வைக்க வேண்டும். இதில் எதற்குக் கை தூக்குவது என்பதுதான் நம் முன்னால் இருக்கிற கேள்வி.

லாப நோக்கமில்லாமல் பல நிறுவனங்கள் சேர்ந்து நெட்வொர்க் நடத்துவது புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மூன்று பல்கலைக்கழகங்கள் 1966-இல் 'மெரிட்' என்ற பொது அமைப்பைத் தொடங்கின. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஹாலையே அடைத்துக்கொள்ளும். விலையும் அப்படி. மூவரும் அவரவர் கம்ப்யூட்டரை மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று இணைக்க நினைத்தார்கள். 1971 டிசம்பரில்தான் முதல் இரண்டு பல்கலைக்கழகங்கள் இணைந்தன. ஆனால் அதே மெரிட் 1987-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி நெட்வொர்க்கை நடத்தும் பொறுப்புக்கு வந்தது. ஐ.பி.எம்., எம்.சி.ஐ. கம்பெனிகள் கூட இருந்தன. மாநிலத்துக்குள் பல நிறுவனங்கள் கூட்டாக வைத்திருந்த இப்படிப்பட்ட வட்டார நெட்வொர்க்குகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்ததில்தான் இன்றைய இன்டர்நெட் வளர்ந்தது. மெரிட் இன்றும் லாப நோக்கமில்லாத அமைப்பாகவே நடக்கிறது.

நம் நாட்டிலும் அப்படித்தான். பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இன்டர்நெட் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15. அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1986-இல், மத்திய அரசின் மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஐந்து ஐ.ஐ.டி.க்களும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும், மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதில் இருந்தன. வெளிநாட்டு உதவி நிரந்தரமாக வராது. அதனால் 1998-இல் எர்நெட் தனிச் சொசைட்டியாகப் பதிவானது. பதிவு செய்த அமைப்பு, அதற்கென்று கணக்கு, சேருகிறவர்களிடம் கட்டணம் என்று ஒரு ஒழுங்கு வந்தது.

இனி எனக்குப் பழக்கமான வங்கிப் பக்கம் வருகிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே வங்கிகளுக்குள் ஒரு பொது ஏற்பாடு இருந்தது. அதற்குப் பெயர் கிளியரிங் ஹவுஸ். ஊரில் உள்ள எல்லா வங்கிகளிலிருந்தும் ஒவ்வொரு ஆள் மற்ற வங்கிகளின் செக்குகளைக் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு ஓரிடத்தில் கூடுவார். செக்குகளை மாற்றிக்கொள்வோம். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கூட்டிக் கழித்து, மிச்சத் தொகைக்கு மட்டும் வரவு செலவு போடுவோம். வெளியே போட்டிபோடுகிற வங்கிகள்தான். அந்த மேஜைக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே விதி. பெரிய வங்கி, சின்ன வங்கி என்ற பேதம் கிடையாது.

ஏ.டி.எம். வந்தபோது இதே ஏற்பாட்டைக் கம்பி வழியே செய்யப் பார்த்தார்கள். இந்திய வங்கிகள் சங்கம் 1997-இல் மும்பையில் 'ஸ்வதன்' என்ற பொது ஏ.டி.எம். நெட்வொர்க்கைத் தொடங்கியது. ஐம்பதுக்கு மேற்பட்ட வங்கிகள் சேர்ந்தன. அதை நடத்த ஒரு கம்பெனிக்கு ஐந்து வருஷக் காண்டிராக்ட். காண்டிராக்ட் முடிந்தது. வருமானம் கட்டுப்படியாகாத அந்த நெட்வொர்க்கை ஏற்று நடத்த வேறு ஆள் கிடைக்கவில்லை. 2003 கடைசியில் மூடிவிட்டார்கள். வங்கிகள் நாலைந்தாகப் பிரிந்து தனித்தனிக் கூட்டணி அமைத்துக்கொண்டன.

இந்த ஸ்வதன் கதையை நினைவில் வையுங்கள். மிஷின்கள் இருந்தன, வங்கிகள் இருந்தன, கார்டு வைத்திருந்த ஜனங்கள் இருந்தார்கள். காண்டிராக்ட் முடிந்த மறுநாள் அதை யார் நடத்துவது என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. நமக்கு இப்போது வந்திருக்கும் காண்டிராக்டும் ஐந்து வருஷம்தான் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த முயற்சி நிலைத்தது. ரிசர்வ் வங்கி நிறுவிய ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையமான ஐ.டி.ஆர்.பி.டி., 1999-இல் 'இன்ஃபினெட்' என்று வங்கிகளுக்கு மட்டுமான நெட்வொர்க்கை அமைத்தது. 2004 ஆகஸ்ட் 27-இல் 'தேசிய நிதி சுவிட்ச்' அங்கிருந்தே தொடங்கியது. முதல் நாளில் சேர்ந்தவை கார்ப்பரேஷன் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா, ஐ.சி.ஐ.சி.ஐ. ஆகிய மூன்றே வங்கிகள். 2009 டிசம்பரில் இது என்.பி.சி.ஐ.யின் கைக்கு வந்தது. இன்று யு.பி.ஐ. நடத்துவதும் இதே என்.பி.சி.ஐ.தான். தினமும் கீரைக்காரம்மாவுக்குப் போனில் பணம் அனுப்புகிறோமே, அது லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிவான ஒரு நிறுவனம், வங்கிகள் கூடி ஆரம்பித்தது என்பது பலருக்குத் தெரியாது.

இது ஏன் நின்றது? எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள். ஒன்று, செலவைப் பகிரும் விதி. நீங்கள் வேறு வங்கியின் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால், உங்கள் வங்கி அந்த மிஷின் வைத்திருக்கும் வங்கிக்கு ஒரு கட்டணம் தர வேண்டும். மிஷின் வைத்தவன் நஷ்டப்படக் கூடாது, வைக்காதவன் ஓசியில் ஓட்டக் கூடாது. இது தினமும் கணக்காகி, மிச்சத் தொகை ரிசர்வ் வங்கியில் தீர்க்கப்படுகிறது. பழைய கிளியரிங் ஹவுஸ்தான், மேஜைக்குப் பதிலாகக் கம்பி. இரண்டாவது, சின்னவர்களுக்கு வழி. நேரடியாகச் சேர வசதி இல்லாத கிராம வங்கியும் கூட்டுறவு வங்கியும் ஒரு பெரிய வங்கியின் கீழ் துணை உறுப்பினராகச் சேரலாம் என்று வைத்தார்கள். கிராமத்தில் இருக்கிறவர் கார்டும் எந்த ஏ.டி.எம்.மிலும் செல்லுபடியாகிறது.

வங்கிகளிடம் பணம் இருக்கிறது, செய்வார்கள், சாதாரண ஜனங்களால் முடியுமா என்று கேட்கலாம். நம் பக்கத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதி கொடுத்தது. வில்லியனூரில் தலைமை மையம். சுற்று ஊர்களில் டெலிபோன் சரியில்லாத இடங்களுக்கு வயர்லெஸ் ரேடியோ வழியாகவே தகவல் அனுப்பினார்கள். கரண்ட் போனால் சோலார். நிறுவனம் கருவிகளைக் கொடுக்கும். இடத்தையும் நடத்துகிற ஆட்களையும் ஊர் கொடுக்க வேண்டும். எம்பலத்தில் கோயிலுக்குள்ளேயே மையம் வைக்க ஊரார் இடம் கொடுத்தார்கள். இன்னொரு நிபந்தனை, எந்தச் சாதிக்காரராக இருந்தாலும் உள்ளே வர அனுமதி இருக்க வேண்டும். ஊர் பொது என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குத் தெரு கதவு சாத்துகிற வழக்கம் நமக்குத் தெரியாததா? அதனால்தான் அதை முதலிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள்.

அங்கே என்ன கிடைத்தது? வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற கணிப்பு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கம்ப்யூட்டரைத் தொடத் தெரியாதவர்களுக்கும் அதனால் பயன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. டி.வி.யில் செய்தி பார்த்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டாரை எச்சரித்தார். கேட்டவர்கள் ஓடிப்போய்த் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் ஊர் முழுக்க அறிவித்தார்கள். ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். அந்த மைக்கும் ஒலிபெருக்கியும் எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று ஊர் மக்களுக்குத் தெரிந்திருந்ததே, அதைத்தான் நான் பொதுச் சொத்து என்கிறேன்.

மதுரை மாவட்டம் மேலூரில் 2001-இல் தொடங்கிய திட்டம் வேறு மாதிரி. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'கார்டெக்ட்' வயர்லெஸ் தொழில்நுட்பத்தில் கிராமம் கிராமமாக இன்டர்நெட் மையம் வைத்தார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு ஈ-மெயிலில் விண்ணப்பம் போட்டார்கள். கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை வாங்கினார்கள். நல்ல வேலைதான். பெரும்பாலும் மையம் நடத்தியவர்கள் உள்ளூர்த் தனிநபர்கள், சொந்தப் பொறுப்பில் நடத்தினார்கள். அரசு அலுவலகத்தில் ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறிப்போனதும் சான்றிதழ் சேவை நின்றது. வாடிக்கையாளர் வருவது குறைந்தது. மாத வருமானம் செலவுக்கு எட்டாத மையங்கள் சில வருஷங்களில் ஒவ்வொன்றாக மூடின. தொழில்நுட்பத்தில் பெரிய குறை இல்லை. வரவு நிரந்தரமில்லை, நஷ்டத்தைத் தாங்கப் பின்னால் ஒரு சங்கமும் இல்லை.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குக் கஷ்டமே இல்லை. தேர்க் கொட்டகைக்கு ஓடு மாற்ற வேண்டும் என்றால்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

ஸ்பெயினில் கட்டலோனியா பகுதியில் 'குய்ஃபி' என்று ஒரு நெட்வொர்க் 2004-இல் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் கிராமங்களுக்கு வரவில்லை, அதனால் ஊர்க்காரர்களே வீட்டு மாடியில் ஆன்டெனா வைத்து ஒருவருக்கொருவர் இணைத்துக்கொண்டார்கள். இன்று அது முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட இணைப்பு முனைகள் கொண்டது. 2008-இல் அதற்கென்று ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். அவர்கள் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. பாதை பொது. அந்தப் பாதையில் எந்தக் கம்பெனியும் வந்து இன்டர்நெட் விற்கலாம். ஆனால் சம்பாதிக்கிறவர், எவ்வளவு பயன்படுத்துகிறாரோ அந்த அளவுக்குப் பராமரிப்புச் செலவில் பங்கு தர வேண்டும். தானே முதலீடு செய்திருந்தால் அது கழிக்கப்படும். நம் ஏ.டி.எம். கட்டணம் மாதிரியேதான்.

இனி சூளகிரிக்கு வருவோம். நம் வளாகத்தில் ஒரு வீட்டில் கணவர் ஷிஃப்ட்டுக்குப் போவார், மனைவி வீட்டிலிருந்தே பெங்களூர் ஆபீஸ் வேலை செய்வார், பிள்ளைக்கு ஆன்லைன் டெஸ்ட், மாமனாருக்கு வெளிநாட்டிலிருக்கும் மகளின் வீடியோ கால். நெடுஞ்சாலை ஓரம் எங்காவது பள்ளம் தோண்டினால் நாலும் நின்றுவிடும். கரண்ட் போனால் வீட்டில் யு.பி.எஸ். ஓடும், ஆனால் மாடிப்படியில் மாட்டியிருக்கும் சுவிட்ச் பெட்டி அணைந்துவிடும். ஏனென்றால் அந்தப் பெட்டி நம்முடையது இல்லை. அதற்கு ஜெனரேட்டர் லைன் கொடுக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய லைன் வாங்கி வீட்டுக்கு வீடு காசு வாங்கிக்கொண்டு பிரித்துக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். இன்டர்நெட் விற்க மத்திய தொலைத்தொடர்புத் துறையின் லைசென்ஸ் வேண்டும். சங்கம் அதைச் செய்ய முடியாது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்த 'பி.எம்.-வாணி' திட்டத்தில், டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் பொது வைஃபை வைக்கலாம். அதற்கென்று பதிவு செய்த ஒரு நிறுவனத்தின் மூலம் சேர வேண்டும். இந்தச் சமுதாயக் கூடத்துக்கும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, டிரைவர்களுக்கும் அது பொருத்தமாக இருக்கும். பக்கத்து லேஅவுட்டுக்குச் சாலையைத் தாண்டி நாமே கேபிள் இழுப்பதும் நம் வேலை இல்லை. ஆனால் நம் மனைக்குள் குழாய் பதித்து, லைசென்ஸ் உள்ள கம்பெனிகளுக்கு வழி விடலாம். டிராய் 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு டிஜிட்டல் வசதியைப் பொறுத்து மதிப்பெண் தரும் விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது. வீடு விற்கும்போது தண்ணீர், லிஃப்ட் கேட்பதுபோல இதையும் கேட்கும் காலம் வருகிறது.

ஆகவே என் கருத்து இரண்டாவது யோசனைக்குத்தான். குழாயும், மாடிப்படிப் பெட்டிகளும், அதற்கான கரண்ட் லைனும் சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும். உள்ளே வருகிற கம்பெனி யாராக இருந்தாலும் ஒரே விதி, ஒரே வாடகை. பிடிக்காத வீட்டுக்காரர் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை.

ஆனால் இதற்கு மூன்று நிபந்தனை வைத்தால்தான் நான் கை தூக்குவேன். முதலாவது, தனிக் கணக்கு. கம்பெனிகள் தரும் வாடகை மெயின்டனன்ஸில் கரைந்துவிடக் கூடாது. இரண்டாவது, தேய்மானம். பூமிக்குள் போகும் குழாய் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை கிடக்கும். பேட்டரியும் சுவிட்சும் அப்படி இல்லை, சில வருஷத்தில் மாற்ற வேண்டும். உதாரணத்துக்கு 100 வீடு, வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் என்று வைத்தால், வருஷத்துக்கு 36,000, ஐந்து வருஷத்தில் 1,80,000 ரூபாய் சேரும். இதை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்க வேண்டும், பெட்டி கெட்டுப்போன பிறகு வசூலுக்கு அலையக் கூடாது. மூன்றாவது, யாரையும் விலக்கக் கூடாது. வாடகைக்கு இருக்கிறவர், மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருக்கிறவர், தனியாக இருக்கும் முதியவர் எல்லோருக்கும் அந்தக் குழாயில் வழி உண்டு. பாக்கியை வசூலிக்க வேறு வழி இருக்கிறது. இன்டர்நெட்டைப் பிடுங்கினால் பாதிக்கப்படுவது அந்த வீட்டுப் பிள்ளையின் பரீட்சை.

இன்னொரு யோசனையையும் உங்கள் முன் வைக்கிறேன். சூளகிரியில் நம்மைப் போலத் தனித்தனியாகப் பேரம் பேசுகிற லேஅவுட் சங்கங்கள் இருக்கின்றன. பள்ளிகள் இருக்கின்றன. தக்காளியும் கொத்தமல்லியும் வெளியூருக்கு அனுப்புகிற விவசாயிகள் இருக்கிறார்கள், விலை தெரிய அவர்களுக்கும் நெட் வேண்டும். கேபிளை நாம் இழுக்க முடியாவிட்டாலும் கம்பெனிகளிடம் சேர்ந்து பேசலாமே. மிச்சிகனில் மூன்று பேர்தான் ஆரம்பித்தார்கள். தேசிய நிதி சுவிட்சிலும் மூன்று வங்கிகள்தான். நாமும் பக்கத்தில் இரண்டு சங்கத்தைக் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினால் மூன்றாகிவிடும்.

இலவசம் வேண்டாம் என்று சொல்வது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். பென்ஷன்காரன் நான், எனக்கும் இலவசம் பிடிக்கும். ஆனால் ஐந்து வருஷம் கழித்து அந்தக் கம்பெனி விலையை ஏற்றினாலோ, ஊரை விட்டே போனாலோ, கேபிள் அவர்களுடையது. அப்போது நம் கையில் இருப்பது பழைய ஒப்பந்தக் காகிதம் மட்டும்தான். ஓட்டுப் போடும் முன் அந்த ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தைத் தேடிப் படியுங்கள். காலம் முடிந்தபின் கேபிள் யாருக்கு? ரிப்பேருக்கு எத்தனை மணி நேரக் கெடு? விலையை ஏற்ற வரம்பு உண்டா? மூன்றுக்கும் நமக்குச் சாதகமான பதில் எழுத்தில் இருந்தால், நானும் முதல் யோசனைக்குக் கை தூக்கத் தயார். வாய்ச்சொல்லை லெட்ஜரில் ஏற்றி எனக்குப் பழக்கமில்லை.

ஒப்பந்த நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் நானும் அங்கே இருப்பேன். வாருங்கள், சேர்ந்து படிப்போம்.